கணினி கேள்வி பதில்: இரு மொழித் தலைப்புக்கு இரண்டு பொருளடக்கம்

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலரை வேர்டில் தயாரிக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரியில் தலைப்பு, நடுவில் சாய்கோடு. பொருளடக்கம் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எனக்குத் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக வேண்டும். கையால் தட்டச்சு செய்துவிடலாம் என்கிறார் அச்சகக்காரர்.
வாசகர், காரைக்குடி

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மலர் வேலையில் கடைசி நேரத்தில் யாராவது ஒரு வாழ்த்துரையைக் கொண்டுவந்து நீட்டுவார். அனுப்பியவர் பெரிய மனிதராக இருந்தால் அதை முதல் பக்கத்தில்தான் போட்டாக வேண்டும். அத்தோடு எல்லாப் பக்க எண்களும் நகர்ந்துவிடும். கையால் அடித்த இரண்டு பட்டியல்களையும் யார் உட்கார்ந்து திருத்துவது? அச்சகக்காரர் அல்ல, நீங்கள்தான்.

எது தமிழ், எது ஆங்கிலம் என்பது வேர்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. பொருளடக்கத்தைத் திரட்டும்போது அது முக்கியமாகப் பார்ப்பது பத்தியின் ஸ்டைலை, அதாவது பத்திக்குப் பெயரிட்டுக் கொடுத்த வடிவமைப்பைத்தான். ஆகவே தமிழ்த் தலைப்புக்கு ஹெடிங் 1 இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு 'ஆங்கிலத் தலைப்பு' என்று புதிதாக ஒரு ஸ்டைல் உருவாக்குங்கள். அதை நார்மல் ஸ்டைலிலிருந்து உருவாக்குவது முக்கியம். அழகாக இருக்கிறதே என்று ஹெடிங் 1ஐ அடிப்படையாக வைத்தால் அதன் அவுட்லைன் நிலையும் (தலைப்பின் படிநிலை) கூடவே வந்துவிடும். தமிழ்ப் பட்டியலில் ஆங்கிலம் மறுபடியும் நுழையும். இந்தப் புகாரோடு எனக்கு வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இதுதான் நோய்.

இனி ஒரே வரியில் இரண்டு ஸ்டைல். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே என்டர் தட்டி, தலைப்பை இரண்டு பத்திகளாக உடையுங்கள். அதற்கதற்குரிய ஸ்டைலைக் கொடுங்கள். பிறகு தமிழ்ப் பத்தியில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டும் மீண்டும் ஒரே வரிக்கு வந்துவிடும்; ஸ்டைல்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். இதற்கு ஸ்டைல் செபரேட்டர் என்று பெயர். பலகாலமாக வேர்டில் இருக்கிறது, ஆனால் மெனுவில் எங்கும் கண்ணில் படாது. சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கத்துப் பொருளடக்கத்தில் அது வந்து நிற்கும். ஆங்கிலத்தின் அளவைக் குறைத்து, சாம்பல் நிறம் கொடுத்தாலே பிரிவு தெரியும். தலைப்புகள் மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் வரலாம் என்றால் இந்தச் செபரேட்டர் வேலையே வேண்டாம்.

பொருளடக்கத்துக்கு ரெஃபரன்சஸ் தாவலில் கஸ்டம் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், அதற்குள் ஆப்ஷன்ஸ். தமிழ்ப் பட்டியலுக்கு ஹெடிங் 1க்கு எதிரே 1 இருக்கட்டும். அவுட்லைன் லெவல்ஸ் என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆங்கிலப் பட்டியலுக்கு வேறொரு பக்கத்தில் கர்சரை வைத்து அதே பெட்டியைத் திறங்கள். டிக்கை இங்கேயும் எடுங்கள். ஹெடிங் எண்களை எல்லாம் அழித்து, 'ஆங்கிலத் தலைப்பு' என்பதற்கு எதிரே 4 என்று எழுதுங்கள். ஏன் 4? 1 என்று கொடுத்தால் இரண்டு பட்டியல்களும், பொருளடக்க வரிகளின் தோற்றத்தைத் தரும் டிஓசி 1 என்ற ஒரே ஸ்டைலைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். 4 என்றால் ஆங்கிலப் பட்டியலுக்கு டிஓசி 4 சொந்தமாகக் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள பொருளடக்கத்தை மாற்றவா என்று வேர்டு கேட்கும். 'நோ' சொல்லுங்கள். 'யெஸ்' சொன்னால் தமிழ்ப் பட்டியல் போய்விடும்.

வாழ்த்துரை வந்து சேர்ந்ததும் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. முழு அட்டவணையையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

என் ஆய்வேட்டின் உள்ளே தமிழ்த் தலைப்புகள் மட்டுமே உள்ளன. ஆங்கிலப் பொருளடக்கமும் இருக்க வேண்டும் என்கிறார் நெறியாளர். பக்கத்தில் இல்லாத தலைப்பை எப்படித் திரட்டுவது?
ஆய்வு மாணவி, மதுரை

பக்கத்தில் மறைவாக வைத்துவிடலாம். தமிழ்த் தலைப்பின் முடிவில் கர்சரை வைத்து ஆல்ட், ஷிஃப்ட், ஓ அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலத் தலைப்பை எழுதி, லெவல் 4 கொடுத்து, மார்க் பொத்தானை அழுத்துங்கள். அது மறை எழுத்தாகப் பதியும், அச்சில் வராது. இரண்டாவது பொருளடக்கத்தின் ஆப்ஷன்ஸில் ஸ்டைல்ஸ், அவுட்லைன் லெவல்ஸ் இரண்டிலும் டிக்கை நீக்கி, டேபிள் என்ட்ரி ஃபீல்ட்ஸ் ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. நெறியாளர் தமிழ்த் தலைப்பை மாற்றச் சொன்னால் மறைந்திருக்கும் ஆங்கிலம் தானாக மாறாது. நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும். நெறியாளர்கள் தலைப்பை மாற்றாமல் விடுவதில்லை. ஆகவே தலைப்புகள் முடிவான பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

தலைப்புகள் பாமினி எழுத்துருவில் சரியாகத் தெரிகின்றன. பொருளடக்கத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளாக வருகின்றனவே?
வாசகர், மட்டக்களப்பு

பாமினியில் நீங்கள் அடித்த 'தமிழ்' உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு போட்ட வேடம்தான் தமிழ். ஹெடிங் ஸ்டைலில் உள்ள எழுத்துரு பொருளடக்கத்துக்குப் போகாது. அங்கே டிஓசி 1இன் எழுத்துருவே செல்லும். அவசரம் என்றால் டிஓசி 1க்கும் பாமினியைக் கொடுங்கள். ஆங்கிலப் பட்டியலும் டிஓசி 1ஐப் பயன்படுத்தினால் அது குழம்பிவிடும் என்பதால் அங்கேயும் 4தான். அவசரம் இல்லையென்றால் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஆங்கிலப் பகுதிகளைத் தொடாதீர்கள். மாற்றும் மென்பொருள் அவற்றையும் பாமினி என்றே எண்ணிக்கொள்ளும்.