கருவாட்டுக்கடை மாமா – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. மார்பு இரண்டும் லேசாக வீங்கியிருக்கிறது. பாலைப் பிதுக்கி எடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும் என்று குளிப்பாட்டும்போதெல்லாம் ஆச்சி அழுத்தி விடுகிறார். டாக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். கூடவே, இந்த வயதில் மூளை தூண்டிப் பருவ ஹார்மோன் சுரக்கும், அதற்கு 'மினி பியூபர்ட்டி' என்று பெயர் என்றார். பால்குடிப் பிள்ளைக்குப் பருவமா? பிராய்லர் கோழி, பாக்கெட் பால் இதெல்லாம் காரணமா? நம் முன்னோருக்கு இது தெரிந்திருக்குமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் ஆச்சியின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது வீக்கத்தைப் பற்றி. அது பெரும்பாலும் தாயின் ஹார்மோன் விட்டுப்போன மிச்சம், சும்மா விட்டால் தானாக வற்றிவிடும். பிதுக்கினால்தான் கிருமி புகுந்து சீழ் கட்டும். சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் வரை போன நீங்கள் பிதுக்குகிற விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லாமல் வந்திருக்கிறீர்கள். ஆச்சிக்குத் தெரியாது, சரி. உங்களுக்கு என்ன வந்தது?

பிராய்லர் கோழியை விடுங்கள். முன்னோரையும் விடுங்கள்.

டாக்டர் சொன்ன இன்னொன்றும் சரிதான். இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டுகிற ஜி.என்.ஆர்.எச். என்ற பொருள் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸில் சுரக்கிறது. பத்தே அமினோ அமிலம் கோத்த சின்னச் சரடு. கருவிலேயே அது வேலையைத் தொடங்கிவிடும். பேறுகாலம் நெருங்க நெருங்க நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் அதை அமுக்கி வைக்கும். பிறந்ததும் அந்தப் பிடி விடுகிறது, மறுபடி சுரக்கிறது. ஆண் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் உச்சம், ஆறு மாத வாக்கில் அடங்கிவிடும். அப்புறம் பருவ வயது வரை உறக்கம்.

இதைச் சுரக்கிற செல்கள் மூளையில் பிறப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவை கருவின் மூக்கில் பிறக்கின்றன. மோப்ப நரம்புகளோடு சேர்ந்து, மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் சல்லடை எலும்பு வழியாக உள்ளே நடந்து போகின்றன. எலிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். சுண்டெலியில் இந்தச் செல்கள் மொத்தமே ஆயிரத்துக்குள்தான். 1989இல் 19 வாரக் கரு ஒன்றை ஆராய்ந்தபோது இவையும் கூட வந்த மோப்ப நரம்புகளும் மூளைக்குப் போகாமல் மூக்குப் பக்கமே தேங்கிக் கிடந்ததைப் பார்த்தார்கள். அப்படித் தேங்கினால் பிள்ளைக்கு மணமும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் குறைபாடு என்று பெயர். கால்மன் எழுதியது 1944இல். ஆனால் ஸ்பெயினில் ஒரு மருத்துவர் 1856லேயே பிணப் பரிசோதனையில் இதைக் கண்டு எழுதிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு மாமா ஞாபகம் வந்தது. உவரியிலிருந்து வரும் சரக்கை வீரவநல்லூர்ப் பக்கத்துச் சந்தைகளில் வைத்து விற்பார். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிடுவார். நாங்கள் பிச்சிப்பூவையும் அழுகின முட்டையையும் மாறி மாறி அவர் மூக்கில் பிடிப்போம். கண்ணை மூடிக்கொண்டு "ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்று சிரிப்பார். நாற்பது வயதிலும் மீசை இல்லை, குரல் உடையவில்லை. சந்தையில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பிள்ளை இல்லை. பழி அத்தைக்கு. வளைகாப்பு வீடுகளில் அவளைத் திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள். நேர்த்திக்கடன், விரதம், கைராசி வைத்தியர் என்று எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அங்கேயும் அத்தையைத்தான் சோதித்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் "உமக்கு மணம் தெரியுமா?" என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அவருக்கு இருந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லையே. ஆனால் கேட்டிருக்கலாம். காசா, பணமா, கருவியா? ஒரு காப்பிப் பொடி டப்பா போதும். பதினைந்து வயதாகியும் மாற்றமே தெரியாத பையனை வீட்டில் வைத்துக்கொண்டு ஜாதகம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கிறது. மோந்து பார்க்கச் சொல்லுங்கள் ஐயா! தெரியவில்லை என்றால் ஹார்மோன் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மணம் தெரிகிறது என்றாலும் கூட்டிப் போங்கள், காரணம் வேறாக இருக்கும். இன்று ஊசி மருந்தில் பருவமும் வரும், பல பேருக்குக் குழந்தையும் பிறக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டேன். கல்லிடைக்குறிச்சியில் தங்கை வீட்டில் இருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள். மாமாவுக்கு மணம் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம? வெள்ளிக்கிழமை தவறாம பிச்சிப்பூ வாங்கிட்டு வருவாவ. புதுசா, வாடினதான்னு தொட்டுப் பாத்துதான் வாங்குவாவ" என்றாள்.