‘சக்கர நாற்காலி உதவி’ என்று டிக் செய்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் கிடையாது. பேட்டரி சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவார். முதல் முறையாக வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிறோம், வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். டிக்கெட் போடும்போது ‘சக்கர நாற்காலி உதவி தேவை’ என்று டிக் செய்துவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. அந்த டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் எது முடியும், எது முடியாது என்று யாருக்கும் தெரியாது. டபிள்யூசிஹெச் என்று தொடங்கும் ஒரு குறியீடு உங்கள் பதிவில் ஏறும். எல்லாம் அதன் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. ‘ஆர்’ என்றால் தூரம்தான் பிரச்சினை, படி ஏறுவார், விமானத்துக்குள்ளேயும் நடப்பார். ‘எஸ்’ என்றால் படி ஏற மாட்டார், உள்ளே மட்டும் நடப்பார். ‘சி’ என்றால் இருக்கை வரை தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது சி. அது ஆர் என்று பதிவாகியிருந்தால், விமான வாசலில் சாதாரண நாற்காலியோடு ஒரே ஒருவர் நிற்பார். தூக்க ஆளும் இருக்காது, இருக்கைகளுக்கு நடுவே நுழையும் ஒடுக்கமான நாற்காலியும் இருக்காது.

எனவே கிளம்புவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பதிவான குறியீட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக.

அதே போனில் பேட்டரியைப் பற்றியும் பேசிவிடுங்கள். லித்தியம் என்றால் எத்தனை வாட்-ஹவர் என்று கேட்பார்கள். பேட்டரி மேல் வோல்ட், ஆம்பியர்-ஹவர் என்று இரண்டு எண்கள் இருக்கும், பெருக்கிக்கொள்ளுங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240. கழற்றிக் கையில் கொண்டுபோகும் வகைக்கு வரம்பு 300 வாட்-ஹவர். அதைச் சரக்கு அறையில் போடக் கூடாது, உங்களோடு உள்ளேதான் வர வேண்டும். கழற்ற முடியாத வகை நாற்காலியிலேயே இருக்கும், ஆனால் தானாக இயங்கிவிடாதபடி அணைத்திருக்க வேண்டும். நாற்காலியின் எடை, உயரத்தையும் சொல்லுங்கள். போயிங் 737 போன்ற விமானங்களில் சரக்கு அறைக் கதவின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. முதுகுப்பகுதி மடங்காவிட்டால் சிக்கல்.

விமான வாசல் வரை சொந்த நாற்காலியிலேயே வருகிறோம் என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். அங்கே கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எளிதில் உடையக்கூடியது ஜாய்ஸ்டிக், அதாவது நாற்காலியை ஓட்டும் குச்சி. கழன்றால் கழற்றிப் பையில் போடுங்கள், இல்லையென்றால் கெட்டியாகச் சுற்றுங்கள். மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளுவது எப்படி, எங்கே பிடித்துத் தூக்கலாம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி முதுகில் ஒட்டுங்கள். சரக்கு ஏற்றுகிறவர் அந்த மாடலை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார், பாவம். நாற்காலியின் மெத்தையையும் உள்ளே எடுத்துப்போய் அவருக்கு அடியில் போடுங்கள். வெறும் விமான இருக்கையில் பல மணி நேரம் உட்கார்ந்தால் புண் வரலாம்.

கைப்பிடி மேலே தூக்கக்கூடிய இருக்கையாகக் கேளுங்கள். நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க வராதது போலத்தான் இருக்கும். அடியில் கீல் பக்கம் விரலால் தடவினால் பல இருக்கைகளில் ஒரு சின்ன விசை தட்டுப்படும். கழிப்பறை விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பணிப்பெண்கள் வாசல் வரை தள்ளிக்கொண்டு வருவார்கள், தூக்கி உள்ளே உட்கார வைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஊழியர்கள் அவரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்து, ‘இவர் நடப்பாரா?’ என்று கேட்பார்கள். அவரையே பதில் சொல்ல விடுங்கள். எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது அவருக்குத்தானே தெரியும்!

ஏறும்போது முதலில் ஏற்றுவார்கள், இறக்குவது எல்லோரும் போன பிறகுதான். அதனால் மாறும் இடத்தில் ஒரு மணி நேர இடைவெளி எல்லாம் வேண்டாம்; மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி சேதமாகி வந்தால், நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் பதிவு செய்து நகல் வாங்குங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி எழுத்துப் புகாருக்கு 7 நாள்தான் அவகாசம். இழப்பீட்டுக்கும் உச்சவரம்பு உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. பேட்டரி நாற்காலியின் விலைக்கு அது காணாது. ஆகவே நாற்காலியை ஒப்படைக்கும்போதே அதன் உண்மையான மதிப்பை எழுதிக் கொடுத்து, ‘சிறப்பு மதிப்பு அறிவிப்பு’ என்று பதியச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.