ஸ்டெர்லிங்: ஒரு சொல்லைச் சுற்றி வந்த கேள்விகள்

ஆங்கிலச் சொற்கள் பற்றிய கேள்விகளில் இந்தத் தடவை ஸ்டெர்லிங் என்ற ஒரே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக் கடை, வங்கி, பேட்டிக் கட்டுரை, தேயிலைத் தோட்டம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் இந்தச் சொல் எட்டிப் பார்ப்பதால் பலருக்கும் குழப்பம். ஆனால் இந்த அர்த்தங்கள் அத்தனையும் ஒரு சின்ன வெள்ளிக் காசிலிருந்துதான் கிளம்பின. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஐயா, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கிழக்கிலிருந்து வந்த வணிகர்களின் பெயர் என்று ஓரிடத்தில் படித்தேன், நட்சத்திரம் என்று இன்னோரிடத்தில் படித்தேன். எது சரி?

பதில்: நட்சத்திரத்தின் பக்கம்தான் பெரும்பாலான அகராதிகள் நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ஸ்டேயோரா என்றால் நட்சத்திரம். அதோடு சின்னதைக் குறிக்கும் லிங் என்ற விகுதி சேர்ந்தால் சின்ன நட்சத்திரம் என்று வரும். நார்மன் மன்னர்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் பிறகு அடித்த சில பென்னிக் காசுகளில் சிறு நட்சத்திரம் உண்டு. காசைக் குறிக்கும் சொல்லாக இது 11-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பிரான்சின் நார்மண்டிப் பகுதி ஆவணங்களில் லத்தீன் வடிவத்தில் தலைகாட்டுகிறது.

கிழக்கு வணிகர் கதை கேட்க நன்றாக இருக்கும். பால்டிக், வட ஜெர்மனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களை ஈஸ்டர்லிங் என்பார்கள், அவர்கள் கொண்டுவந்த தரமான வெள்ளியால் அந்தப் பெயர் வந்தது என்பது கதை. இது 1300 வாக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே பழமையான விளக்கம்தான். ஆனால் அந்த வணிகர்கள் லண்டனில் செல்வாக்கு பெறும் முன்பே சொல் புழக்கத்தில் இருந்தது. தவிர, ஈஸ்டர்லிங் என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அழுத்தம் விழும் அசையே உதிர்ந்து போவது ஆங்கிலத்தில் நடக்காத காரியம். நார்மன்களுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட எட்வர்ட் தி கன்ஃபெசர் காலத்துக் காசில் நான்கு பறவைகள் உண்டு, அவை ஸ்டார்லிங் பறவைகள், அதனால் இந்தப் பெயர் என்று இன்னொரு ஊகம். அதற்கு வலு குறைவு.

நாணயவியல் அறிஞர் பிலிப் கிரையர்சன் வேறு மாதிரி யோசித்தார். நார்மன்கள் காசின் எடையையும் தரத்தையும் மாறாமல் நிலைநிறுத்தியதால், உறுதியானது என்ற பொருளில் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்றார். நட்சத்திரக் காசுகள் வெகுசில, கொஞ்ச காலமே ஓடியவை என்பதைப் பார்த்தால் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு. சொல்லின் பிற்காலப் பயணம் முழுக்க அந்த உறுதியைத்தான் சுமந்துகொண்டு போகிறது.

கேள்வி: அது என்ன அப்படிப்பட்ட உறுதி? ஒரு காசுக்கு இவ்வளவு மதிப்பா?

பதில்: அந்தக் காலத்தில் காசின் மதிப்பு அதில் உள்ள வெள்ளியின் மதிப்புதான். 240 பென்னி சேர்ந்தால் ஒரு டவர் பவுண்டு எடை, அதாவது சுமார் 350 கிராம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 1124-இல் காசு மட்டமாகிவிட்டது என்ற புகார் முற்றியபோது, முதலாம் ஹென்றி நாட்டின் நாணயம் அடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்து வலக்கையை வெட்டவைத்தார். அவ்வளவு கண்டிப்பாகக் காக்கப்பட்ட தரம் என்பதால்தான் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அந்தக் காசை நம்பி வாங்கினார்கள்.

கடைசியில் அந்தத் தரத்தை மோசமாகக் கெடுத்ததும் ஒரு மன்னர்தான். எட்டாம் ஹென்றி 1540-களில் பணத்தேவைக்காக வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் மகன் ஆட்சியில் 1551-இல் அடித்த மட்டமான காசுகளில் கால் பங்குதான் வெள்ளி. ஹென்றியின் முகம் பதித்த காசு தேயத் தேய மூக்கில் செம்பு தெரிந்தது. மக்கள் அவருக்குச் செம்பு மூக்கன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலாம் எலிசபெத் 1560–61-இல் கெட்ட காசுகளையெல்லாம் திரும்ப வாங்கிப் பழைய தரத்தை மீட்டார்.

கேள்வி: சார், சென்னையில் வெள்ளிக் கடை வைத்திருக்கிறேன். 92.5 சில்வர், ஸ்டெர்லிங், ஜெர்மன் சில்வர் எல்லாம் ஒன்றா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். சுருக்கமாக எப்படிச் சொல்வது?

பதில்: முதல் இரண்டும் ஒன்றே. 925 என்று முத்திரை இருந்தாலும், ஸ்டெர்லிங் என்று எழுதியிருந்தாலும், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மிக மென்மையானது. ஸ்பூன் செய்தால் வளையும், கொக்கி செய்தால் இளகும். அதற்காகத்தான் மீதி 7.5 பங்கில் பொதுவாகச் செம்பு சேர்க்கிறார்கள்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது, நிறம் மட்டும் வெள்ளி. நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலத்தோடு கொடுக்க அது அழகான பொருள்தான், ஆனால் வெள்ளி என்று சொல்லி விற்கக் கூடாது. வாங்குபவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலேயர் காலத்துக் கரண்டிகளில் ஈ.பி.என்.எஸ். என்று பொறித்திருந்தால், அந்த மாதிரி கலவையின் மேல் வெள்ளி முலாம் பூசியது என்று அர்த்தம். பலர் அதை ஸ்டெர்லிங் என்று நினைத்து விலை கேட்பார்கள்.

இங்கிலாந்தில் செய்த பொருள் என்றால் நடக்கும் சிங்கத்தின் முத்திரையைத் தேடுங்கள். 1544 முதல் ஸ்டெர்லிங் தரத்துக்கான அடையாளம் அது. காசு கெட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் இந்த முத்திரை வந்தது என்பதைக் கவனியுங்கள். காசை நம்ப முடியாத நேரத்தில் பாத்திரத்தையாவது நம்பி வாங்க வேண்டுமே!

இன்னொன்று. வீட்டில் இருக்கும் பழைய ராணி, ராஜா படம் போட்ட ஒரு ரூபாய் வெள்ளிக் காசை ஸ்டெர்லிங் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஸ்டெர்லிங் இல்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 12-இல் 11 பங்கு, அதாவது சுமார் 91.7 விழுக்காடு வெள்ளி. 1940-இல் அது பாதியாகக் குறைந்தது.

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். படிவத்தில் பவுண்ட்ஸ் ஸ்டெர்லிங் என்று இருக்கிறது. பவுண்ட் என்று மட்டும் போட்டால் போதாதா? பன்மையில் ஸ்டெர்லிங்ஸ் என்று எழுதலாமா?

பதில்: ஸ்டெர்லிங்ஸ் என்று எழுதாதீர்கள். ஃபைவ் பவுண்ட்ஸ் ஸ்டெர்லிங் என்பதுதான் சரி, பன்மை பவுண்டில் மட்டும். எகிப்து, லெபனான், சூடான் போன்ற நாடுகளின் பணத்துக்கும் பவுண்ட் என்றே பெயர். அதனால்தான் படிவங்களில் பிரித்துக் காட்டுகிறார்கள். நுணுக்கமாகச் சொன்னால் ஸ்டெர்லிங் என்பது பிரிட்டிஷ் பணத்தின் பெயர், பவுண்ட் என்பது அதன் அலகு. பணத்தைப் பொதுவாகப் பேசும்போது ஸ்டெர்லிங் ஃபெல் டுடே என்று ஆங்கிலச் செய்தியில் வரும், முன்னால் தி போடுவதில்லை. ஆனால் கடையில் நின்று இது எத்தனை ஸ்டெர்லிங் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேபிள் என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். டாலருக்கு எதிரான ஸ்டெர்லிங் விலைக்கு அந்தப் பெயர். 1866-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பி வழியாக அந்த விலை போய்வந்ததால் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: நகைக்கடையில் சொல்லும் பவுனுக்கும் இந்தப் பவுண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, நேரடியாகவே. 1817 முதல் பிரிட்டன் வெளியிட்ட சாவரின் என்ற தங்க நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்ட் ஸ்டெர்லிங், எடை 7.98 கிராம். அந்த நாணயம்தான் நம் ஊரில் பவுன் ஆனது. இன்றைக்கும் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்பது அதன் மிச்சம்தான். லண்டனில் ஒரு பவுண்ட் காகிதமாகி, பிறகு கலப்பு உலோகமாகவும் மாறிவிட்டது, நம் வீடுகளில் அது இன்னும் தங்கமாகவே இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன் அண்ணா. ஸ்டெர்லிங் ஜாப், ஸ்டெர்லிங் சர்வீஸ் என்று வருகிறதே, எக்ஸலென்ட் என்பதற்குப் பதிலாக எங்கே வேண்டுமானாலும் போடலாமா?

பதில்: போடக் கூடாது தம்பி. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஸ்டெர்லிங் என்றால் பளபளப்பான சிறப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் காசிலிருந்து வந்தது. உரசிப் பார்த்தும் தரம் குறையாதது, நம்பி ஒப்படைக்கலாம் என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் பொருள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் பொலோனியஸ் தன் மகள் ஒபீலியாவிடம், இளவரசனின் காதல் பேச்சை நல்ல காசு என்று நம்பி வாங்கிவிட்டாய், அது ஸ்டெர்லிங் இல்லை என்று எச்சரிப்பார். சுமார் 1600-லேயே சொல் காசிலிருந்து மனிதர்களின் பேச்சுக்குத் தாவிவிட்டது பார்.

ஆகவே வெள்ளத்தின்போது இரவு பகலாக உழைத்த மின்வாரிய ஊழியர்களுக்கு ஸ்டெர்லிங் வொர்க் பொருந்தும். முப்பது வருடம் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவருக்கு ஸ்டெர்லிங் சர்வீஸ் பொருந்தும். கேரக்டர், குவாலிட்டீஸ், எஃபர்ட், ரெப்யூடேஷன் எல்லாம் இதோடு நன்றாகச் சேரும். பிரியாணிக்கும் சூரிய அஸ்தமனத்துக்கும் போட்டால் ஆங்கிலேயர் புருவத்தை உயர்த்துவார். பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். வெரி ஸ்டெர்லிங், மோர் ஸ்டெர்லிங் என்றெல்லாம் எழுதாதே. நண்பர்களோடு அரட்டையில் பயன்படுத்தினால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பாராட்டு உரை, பரிந்துரைக் கடிதம், செய்தித்தாள் ஆகிய இடங்கள்தான் அதற்குச் சொந்த வீடு.

கேள்வி: தமிழில் இதற்கு இணையாக எதைப் போடலாம்? மொழிபெயர்க்கிறேன், சிறந்த என்று போட்டால் சப்பென்று இருக்கிறது.

பதில்: ஆளைப் பற்றியது என்றால் பத்தரை மாற்றுத் தங்கம். அதுவும் உரைகல்லிலிருந்து வந்த வழக்கு என்பதால் கச்சிதமாக உட்காரும். வேலையைப் பற்றியது என்றால் அப்பழுக்கற்ற உழைப்பு, குறை சொல்ல முடியாத பணி என்று இடம் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் தாத்தா இலங்கையில் மலையகத் தோட்டத்தில் வேலை செய்தவர். எங்கள் தோட்டம் ஸ்டெர்லிங் கம்பெனித் தோட்டம் என்பார். அது கம்பெனியின் பெயரா?

பதில்: ஒரு கம்பெனியின் பெயர் இல்லை, ஒரு வகையின் பெயர். லண்டனில் பதிவாகி, முதலும் கணக்கும் பவுண்டில் வைத்திருந்த தேயிலை, ரப்பர் நிறுவனங்களை ஸ்டெர்லிங் கம்பெனிகள் என்றார்கள். இலங்கையிலேயே பதிவானவை ரூபாய் கம்பெனிகள். லாபப் பங்கு எந்த ஊருக்குப் போகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். கொழுந்து பறித்தவர்களுக்குக் கூலி என்னவோ இரண்டிலும் ரூபாயில்தான். 1975-இல் காணிச் சீர்திருத்தச் சட்டத் திருத்தத்தின் மூலம் இரண்டு வகைத் தோட்டங்களையும் இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. உங்கள் தாத்தாவிடம் கேட்ட விவரங்களை எழுதிவையுங்கள். அந்தத் தலைமுறையின் சொற்கள் சீக்கிரம் மறைந்துகொண்டிருக்கின்றன.

இந்தியாவின் ரூபாயும் வெகுகாலம் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டுத்தான் இருந்தது. 1927-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டமாக்கினார்கள். அந்தக் கட்டு 1975 செப்டம்பரில்தான் முழுதாக அவிழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிடம் வாங்கிய பொருளுக்கெல்லாம் லண்டன் கணக்கில் எழுதிவைத்த கடன் சேர்ந்துகொண்டே போய் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. பழைய பொருளாதாரப் புத்தகங்களில் ஸ்டெர்லிங் பாலன்ஸஸ் என்று வருவது அதுதான். அந்தப் பணம் சும்மா வந்ததில்லை. பஞ்சத்திலும் விலையேற்றத்திலும் இங்கே மக்கள் வாடிய வருடங்களில் சேர்ந்த கணக்கு அது.

கேள்வி: ஸ்டிர்லிங் இன்ஜின், ஸ்டெர்லிங் துப்பாக்கி இவையும் இதே சொல்லா?

பதில்: ஸ்டிர்லிங் வேறு. அது ஸ்காட்லாந்தில் உள்ள ஊர், அதிலிருந்து வந்த குடும்பப் பெயர். 1816-இல் அந்த இன்ஜினுக்குக் காப்புரிமை எடுத்தவர் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற பாதிரியார். ஸ்டெர்லிங் துப்பாக்கி, இங்கிலாந்தின் டேகனம் ஊரில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரால் வந்தது. கான்பூர் தொழிற்சாலையில் இந்தியாவும் அதன் வடிவில் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியைத் தயாரித்தது.

கேள்வி: ஆஸ்திரேலிய வரலாறு படிக்கும்போது மனிதர்களையே ஸ்டெர்லிங் என்று எழுதியிருந்தது. அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. 1820-களில் நியூ சவுத் வேல்ஸில் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் பணமும் உள்ளூர்க் காகிதப் பணமும் ஒன்றாக ஓடின. உள்ளூர்ப் பணத்துக்குக் கரன்சி என்று பெயர், மதிப்புக் குறைவு. அதை வைத்து, பிரிட்டனில் பிறந்து வந்தவர்களை ஸ்டெர்லிங் என்றும், அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளைக் கரன்சி என்றும் அழைத்தார்கள். மட்டம் தட்டச் சொன்ன பெயரை அந்தப் பிள்ளைகள் பெருமையாக எடுத்துக்கொண்டு கரன்சி லாட்ஸ், கரன்சி லாஸஸ், அதாவது கரன்சிப் பையன்கள், கரன்சிப் பெண்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கேள்வி: இன்றைய பிரிட்டிஷ் சில்லறையில் ஸ்டெர்லிங் வெள்ளி இருக்கிறதா?

பதில்: புழக்கத்தில் உள்ள சில்லறையில் கிடையாது. 1920-இல் வெள்ளிக் காசுகளின் தரம் பாதியானது, 1947-இல் வெள்ளியே போய் செம்பு, நிக்கல் கலவை வந்தது. ஒரு விலக்கு உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பிரிட்டிஷ் மன்னர் வயதானவர்களுக்குக் கொடுக்கும் மாண்டி காசுகளை மட்டும் இன்றும் 925 தரத்தில்தான் அடிக்கிறார்கள்.