வாசகர் கேள்வி – பதில்: கோட்டைக்கு வெளியே ஒரு காலை நடை

கேள்வி: என் தாயாரின் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை வேலூருக்கு வருகிறோம். தங்கை அவரைக் கவனித்துக்கொள்வதால் காலையில் எனக்கு நான்கு மணி நேரம் கிடைக்கிறது. கோட்டையைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. வழிகாட்டி இல்லாமல் நானே நடந்து பார்க்கத்தக்க பழைய பகுதி ஏதேனும் உண்டா? தனியாக ஒரு பெண் நடப்பதில் சிரமம் இருக்குமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: உண்டு, நீங்கள் மாதந்தோறும் ஆட்டோவில் கடந்துபோகும் தெருக்கள்தாம் அவை.

சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மீண்டும் எழுந்தருளிய 1981-ஆம் ஆண்டோடு முதல் குறை தீர்ந்தது. இரண்டாவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. ராஜ குடும்பத்தார் இவ்வூருக்குக் கைதிகளாக வந்தார்கள். இங்கேயே இறந்தவர்களில் சிலருடைய அடக்கத் தலங்கள் கோட்டைக்கு வெளியே, ஊர்ப்பக்கம் இருக்கின்றன. ஆகவே உங்கள் நடையைக் கோட்டை வாசலில் தொடங்காமல், மக்கான் சந்திப்பில் தொடங்குங்கள்.

அங்கே நிற்கும் தூண், 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியின் நினைவுச் சின்னம். தோல் சேர்த்த புதிய தலைப்பாகையை அணியவும், நெற்றிக்குறியையும் காதணியையும் விலக்கவும் ஆங்கிலேயர் கட்டளையிட்டதால் மூண்ட அந்தக் கிளர்ச்சி, ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படையால் அன்றைக்கே ஒடுக்கப்பட்டது. அதன்பின், கோட்டையில் காவலில் இருந்த மைசூர் திப்பு சுல்தானின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் அதே 1806-இலும், திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் 1834-இலும் மறைந்தனர். இருவருடைய அடக்கத் தலங்களும் கோட்டைக்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. திப்பு குடும்பத்தார் சமாதி என்று கேட்டால் வழி சொல்வார்கள். காலணியைக் கழற்றிவிட்டு, தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, அங்கிருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு உள்ளே செல்வது முறை.

அடுத்து லாங் பஜார். ஏழு மணிக்கே அங்கே இருப்பது நல்லது. பத்து மணிக்குமேல் மோட்டார் சைக்கிள்களுக்கும் சரக்கு ஆட்டோக்களுக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போவதை நடை என்று சொல்ல முடியாது. பஜாரின் மணிக்கூண்டைப் பலர் மணி பார்ப்பதற்குக்கூட நிமிர்ந்து நோக்குவதில்லை. அதிலுள்ள ஆங்கிலக் கல்வெட்டை நின்று படியுங்கள்: 1914–18 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தனர் என்கிறது. 1866-லேயே நகராட்சியாகிவிட்ட வேலூரை அது கிராமம் என்று குறிப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பதினான்கு பேரின் பெயர்களையும் பொறித்திருக்கலாமே என்ற எண்ணம் பின்னாலேயே வந்து சிரிப்பை நிறுத்திவிடும்.

மண்டித் தெருவுக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சுற்றுவட்டாரத்து வெல்லம் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் இடம் இது. கண்ணுக்குப் படுமுன்பே வாடை மூக்கைத் தொட்டுவிடும். அரிசி மண்டி ஒன்றின் வாசலில் சற்று நின்றால் குத்தூசியின் வேலையைக் காணலாம். கூர்மையான, நீளவாக்கில் குழிந்த அந்த இரும்பை வியாபாரி மூட்டையின் விலாவில் செருகி இழுக்க, ஒரு கைப்பிடி அரிசி அதன் வழியே உள்ளங்கையில் வழிகிறது. இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, அவர் கட்டைவிரலால் சாக்கின் துளையைத் தேய்த்து மூடிவிடுகிறார். விலை பேசுவது அதன் பிறகுதான்.

தனியாக நடப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகல் வெளிச்சத்தில், இவ்வளவு ஆள்நடமாட்டத்தில், தயங்கத் தேவையில்லை. நீங்கள் நின்று பார்த்தால், “எந்தக் கடைம்மா வேணும்?” என்று யாராவது கேட்பார்கள், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னால் போதும். மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிடுவதும், கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காமலிருப்பதும்தான் முக்கியம். சுண்ணாம்புக்காரத் தெரு போன்ற பெயர்ப் பலகைகளையும் படித்துக்கொண்டே வாருங்கள். பழைய தொழில்கள் பெயரளவிலாவது அவற்றில் தங்கியிருக்கின்றன. நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைத்தால் அரைக்கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். காம்பில் முள் இருக்கும், கையைப் பார்த்து வையுங்கள்; எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை மிஞ்சிய காய் இல்லை என்பது என் கட்சி.

முத்துமண்டபத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், 1832-இல் இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையிலுள்ள அவருடைய சமாதிக்கு 1990-இல் மண்டபம் எழுப்பினார்கள். பெரும்பாலான மாதங்களில் அங்கிருந்து மணலும் புதருமே தெரியும். 2021 நவம்பரைப் போலக் கரைபுரண்டு ஓடும் வெள்ளத்தைக் காண்பது அரிது. புதிய பேருந்து நிலையம் அருகிலேயே இருப்பதால், ஆட்டோவை அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. டவுன் பஸ் பிடித்துப் பதினொரு மணிக்குள் தாயாரிடம் திரும்பிவிடலாம்.