அம்மீட்டர் முள் துடிக்கிறதா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் இதை அளந்து பாருங்கள்

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து 1974-ஆம் ஆண்டின் செஸ்னா 172எம் சிறு விமானம் ஒன்றை வாங்கி அமெரிக்காவில் ஓட்டிவருகிறோம். சில மாதங்களாக, கரன்ட்டைக் காட்டும் அம்மீட்டரின் முள் நிற்காமல் துடிக்கிறது. லேண்டிங் லைட்டையும் பிட்டோ ஹீட்டையும் (வேகமானிக்கான குழாயில் பனி உறையாமல் சூடேற்றுவது) சேர்த்துப் போட்டால் துடிப்பு கூடுகிறது. இரண்டு தடவை சிவப்பு ‘ஹை வோல்டேஜ்’ விளக்கு எரிந்து சார்ஜிங் நின்றுபோனது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் பேட்டரியும் புதுசு. போதாக்குறைக்கு, எஞ்சின் சூடாக இருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது. அடுத்து, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கோளாறு எந்தப் பாகத்திலும் இல்லாமல் பாகங்களைச் சேர்க்கும் இணைப்புகளில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐம்பது வருஷம் ஈரம், அதிர்வு, எஞ்சின் சூடு எல்லாம் பட்ட ஸ்விட்ச் முனையும் எர்த் ஸ்ட்ராப்பும் (விமான உடலோடு மின்னிணைப்புத் தரும் பட்டை) வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மீட்டரை வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் முள் ஏன் துடிக்கிறது என்று பார்ப்போம். உங்கள் விமானத்தில் இருப்பது 14 வோல்ட் சிஸ்டம், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்குப் போகும் மின்சாரம், எல்லாச் சாதனங்களுக்கும் மின்சாரம் பிரியும் பஸ் பாரில் கிளம்பி, ஒரு சர்க்யூட் பிரேக்கர், மாஸ்டர் ஸ்விட்ச்சின் ‘ஆல்ட்’ பாதி (மறு பாதி பேட்டரிக்கு), வோல்டேஜ் எகிறினால் சார்ஜிங்கை நிறுத்தும் ஓவர்வோல்டேஜ் சென்சார் எல்லாவற்றையும் கடந்துதான் ரெகுலேட்டருக்கு வருகிறது. பஸ்ஸில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதையும் ரெகுலேட்டர் அதே ஒயர் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. வில்லங்கம் இங்கேதான்.

அந்த வழியில் எங்கோ 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஃபீல்டு 2.5 ஆம்பியர் இழுத்தால் 0.5 வோல்ட் அங்கேயே போய்விடும். பஸ்ஸில் 14.0 இருக்க, ரெகுலேட்டருக்குத் தெரிவது 13.5. குறைச்சல் என்று நினைத்து ஃபீல்டைத் தொடர்ந்து ஏற்றிவைக்கும், பஸ் 14.5-க்குப் போகும். அப்புறம் ஃபீல்டை நிறுத்தினால் அந்த இறக்கம் சட்டென மறைந்து, உண்மையான 14.5 கண்ணில் படும். இப்போது மிச்சம் என்று நினைத்து, தேவைக்கு மேல் நேரம் நிறுத்திவைக்கும். இப்படி மாறிமாறி ஏற்றி இறக்குவதுதான் முள் துடிப்பு. லேண்டிங் லைட்டும் பிட்டோ ஹீட்டும் சேர்ந்தால் சுமார் 15 ஆம்பியர் கூடுதல் சுமை. ஃபீல்டு கரன்ட் ஏறும், அதோடு இறக்கமும் ஏறும். அதிர்வில் தடை ஒரு கணம் 0.8 ஓமுக்குப் போனாலே 2 வோல்ட் பிழை. பஸ் 16-ஐத் தொட்டுவிடும். ஓவர்வோல்டேஜ் சென்சார் விழித்துக்கொள்வது ஏறக்குறைய அந்த அளவில்தான். புது ரெகுலேட்டரும் அதே பழைய ஒயர் வழியாகத்தானே பார்க்கிறது? அதனால்தான் மாற்றியும் பலன் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓட்ட வேண்டியதே இல்லை. இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் அது. எஞ்சின் நின்றிருக்கும்போது பஸ்ஸில் 12 வோல்ட் சொச்சம்தான் இருக்கும். ரெகுலேட்டர் அதைக் குறைவு என்று எண்ணி ஃபீல்டை முழுதாகத் திறந்துவிடும். அதாவது சோதிக்க வேண்டிய கரன்ட் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். மாஸ்டர் ஸ்விட்ச்சின் இரண்டு பாதிகளையும் போடுங்கள். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையைப் பஸ் பாரிலும் கறுப்பு முனையை ரெகுலேட்டருக்குள் மின்சாரம் நுழையும் டெர்மினலிலும் வையுங்கள். எது அந்த டெர்மினல் என்பதை உங்கள் வரிசை எண்ணுக்கான ஒயரிங் படத்தில் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். 0.2-ஐத் தாண்டினால் சந்தேகம், 0.4 என்றால் திருடன் பிடிபட்ட மாதிரிதான். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஃபீல்டு கரன்ட்டே ஓடாமல், பிரஷ் தேய்ந்தோ ஒயர் அறுந்தோ இருக்கலாம். ரெகுலேட்டரின் ஃபீல்டு டெர்மினலில் வோல்டேஜ் வந்தும் இறக்கம் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும். பேட்டரி இறங்கும், ஃபீல்டு சுருளும் சூடாகும் என்பதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் மாஸ்டரைப் போட்டு வைக்காதீர்கள்.

இறக்கம் அதிகம் என்று தெரிந்த பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பது சுலபம். பிரேக்கரின் இரு முனைகளுக்கு இடையில், ஸ்விட்ச்சின் இரு முனைகளுக்கு இடையில், சென்சாருக்கு இடையில், ஒவ்வொரு கனெக்டருக்கும் இடையில் அளந்துகொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் முதலில் பார்த்த மொத்தம் வர வேண்டும். பெரும்பாலும் சிவப்பு ராக்கர் மாஸ்டர் ஸ்விட்ச்தான் மாட்டும். உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கும். அடுத்த இடம், அதன் பின்னால் செருகியிருக்கும் பட்டை டெர்மினல்களுக்கு. கையால் லேசாக ஆட்டினாலே மீட்டர் எண் குதித்தால், ஸ்விட்ச்சை விட்டுவிட்டு டெர்மினலை முதலில் மாற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒருமுறைகூட இயக்கப்படாத பிரேக்கரின் உள்கான்டாக்ட்டும் மங்கிப்போகும். ஸ்விட்ச்சுக்குள் ஸ்ப்ரே அடித்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு கதை பழையபடி திரும்பும். மாற்றிவிடுவதே மேல்.

எர்த் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். ரெகுலேட்டரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையில் 0.05 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ரெகுலேட்டர் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) உட்காரும் இடத்தில் பெயின்டோ துருவோ இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வழி முழுக்கச் சுத்தமாக இருந்தும் முள் துடித்தால்தான் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹெட்செட்டில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால், ஆல்டர்னேட்டரில் ஏசியை டிசியாக்கும் டயோடு மேல் சந்தேகம். 1,500 ஆர்பிஎம் சுமாரில், கொஞ்சம் சுமை கொடுத்து, கேபினுக்குள் பஸ்ஸை ஏசி ரேஞ்சில் அளந்தால், டயோடு கெட்டிருந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேட்டரியைச் சிஸ்டத்தோடு இணைக்கும் ரிலேயான பேட்டரி கான்டாக்டர் விட்டுவிட்டுப் பிடித்தாலும் சிவப்பு விளக்கு எரியும்: பேட்டரி ஒரு கணம் துண்டிக்கப்பட்டால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை, அது எகிறிவிடும். லேண்டிங் லைட்டைப் போட்டுவிட்டுக் கான்டாக்டரின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சோம்பலும் இதே குடும்பம்தான், கரன்ட் மட்டும் நூறு மடங்கு. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பிடிக்கவே முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் இறக்கத்தை அளப்பதுதான் ஒரே வழி. இங்கே ஒரு எச்சரிக்கை: சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் மேக்னெட்டோவும் உயிர்பெறும். ஆகவே மீட்டரோடு யாரும் கவ்லிங் (எஞ்சின் மூடி) அருகில் நிற்கக் கூடாது. நீளமான இரண்டு ஒயர்களில் கிளிப் பக்கம் 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, பெல்ட்டிலும் எக்ஸாஸ்ட்டிலும் படாமல் கட்டி, கேபினுக்குள் கொண்டுவந்து, வழக்கம்போல ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே இருந்தபடி படியுங்கள். அதிகபட்ச எண்ணைப் பிடித்துவைக்கும் மீட்டர் இருந்தால் வசதி.

ஒரு முறை பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் டெர்மினல் வரை. அடுத்த முறை எஞ்சின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனை வரை. முதலாவது 0.8 வோல்ட்டுக்குள், இரண்டாவது 0.3-க்குள் இருந்தால் பரவாயில்லை. இவை கையேட்டு எண்கள் அல்ல, பட்டறைக் கணக்கு. எர்த் பக்கம் 1 வோல்ட் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ஸ்ட்ராப்பை அன்றே பாருங்கள். அது அறுந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் திராட்டில் கேபிள், மிக்ஸ்சர் கேபிள், பிரைமர் குழாய் வழியாகத் திரும்பும். கேபிள் பழுக்கச் சூடாகிப் புகையும். சுத்தம் செய்யும்போது அலுமினியப் பரப்பில் இரும்பு நாரைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. நைலான் தேய்ப்பான் போதும். தேய்த்த கையோடு மாட்டி முறுக்குங்கள், ஆக்சைடு படலம் திரும்ப வர அதிக நேரம் எடுக்காது. பைப்பர் செரோக்கி வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: பல பழைய செரோக்கிகளில் பேட்டரி கேபிளே அலுமினியம், லக் (கேபிள் முனையிலுள்ள வளைய டெர்மினல்) மாட்டிய இடத்துக்குள்ளேயே அரித்திருக்கும்.

இடையில் பறக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் மாஸ்டரின் இரண்டு பாதிகளையும் அணைத்து மறுபடி போடுங்கள். மீண்டும் எரிந்தால் பக்கத்து விமானத் தளத்தில் இறங்கிவிடுங்கள். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, எஞ்சின் ஓடும். ஆனால் உங்கள் ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது, எரிபொருள் கேஜும் அப்படியே. இப்போது பேட்டரி புதுசுதான்; ஆனால் அதே 25 ஆம்பியர்-அவர் பேட்டரி வயதாகிப் பாதியாகிவிட்டால், 20 ஆம்பியர் சுமையில் அரைமணி நேரத்தைக்கூட நம்ப முடியாது.

அளப்பதை நீங்களே செய்யலாம். மாற்றுவதை எல்லாம் செய்ய முடியாது. அமெரிக்கப் பதிவு விமானத்தில், அந்நாட்டு விமான விதிகளின் 43-ஆம் பகுதியின் பின்னிணைப்பு ஏ, பைலட்-உரிமையாளர் பேட்டரி மாற்றவும் லேண்டிங் லைட் ஒயரிங்கில் அறுந்ததைச் சரிசெய்யவும் அனுமதிக்கிறது. மாஸ்டர் ஸ்விட்ச், பிரேக்கர், ரெகுலேட்டர் எல்லாம் ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் வேலைக்குச் சான்று பெற்ற) மெக்கானிக் கையால் நடந்து லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தால், தேடுவதற்கு அவர் போடும் மணிக்கணக்கு பில் மிச்சம்.

வேலை முடிந்ததும் 1,700 ஆர்பிஎம்மில் பஸ்ஸை அளந்து பாருங்கள்: 13.8 முதல் 14.2 வரை நிலையாக நிற்க வேண்டும். லேண்டிங் லைட்டும் பிட்டோ ஹீட்டும் போட்ட பிறகு 0.2 வோல்ட்டுக்கு மேல் அசையக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் முள் ஆடினால், அந்தப் புது ரெகுலேட்டரின் வாரன்டி காகிதத்தைத் தேடி எடுங்கள்.