கட்டாயமில்லாத கல்லூரி நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

சென்னையிலிருந்து அமெரிக்காவின் சிறிய கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். நேர்காணல் கட்டாயமில்லை, விட்டுவிடலாமா என்கிறீர்கள். விடாதீர்கள். நேரில் போய்க் கல்லூரியைப் பார்க்க முடியாதவருக்கு ஆர்வத்தைக் காட்ட இது நல்ல வழி.

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். பாஸ்டனில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 8:30. இதில் கோட்டை விடுவது சுலபம்.

பள்ளி மார்க்கையும் பரிசுகளையும் மறுபடி ஒப்பிக்க வேண்டாம், அவை விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. ‘ஏன் எங்கள் கல்லூரி?’ நிச்சயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘சிறிய வகுப்புகள், நல்ல பேராசிரியர்கள்’ என்ற பதில் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும், அதனால் மனதில் நிற்காது. அவர்கள் இணையதளத்தில் பாடப் பட்டியலைத் திறந்து, எடுக்க நினைக்கும் இரண்டு பாடங்களைப் பெயரோடு சொல்லுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பறவை கணக்கெடுத்தவர், அங்குள்ள சூழலியல் பாடத்தை ஏன் தேடுகிறார் என்று சொன்னால் பேச்சு தானாக வளரும். மனப்பாடம் செய்த பதில், குறுக்கே ஒரு கேள்வி விழுந்ததும் அறுந்துவிடும். குறிப்புச் சொற்கள் போதும்.

நீங்கள் கேட்கவும் மூன்று கேள்விகள் வையுங்கள், இணையதளத்தில் பதில் கிடைக்காதவையாக. கரன்ட் போனால் சமாளிக்க, முழு சார்ஜில் போனும் ஹாட்ஸ்பாட்டும் பக்கத்தில் இருக்கட்டும். மறுநாளுக்குள் நான்கு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.