முள்ளுக் கத்திரிக்காய் வடிவில் லேபிள்

கேள்வி: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் தொக்கு செய்து மாதம் 200 பாட்டில் விற்கிறேன். காயின் வடிவிலேயே லேபிள் ஒட்ட விரும்புகிறேன். அச்சகத்தில் டை (அந்த வடிவில் வெட்டும் அச்சு) செய்ய வேண்டும் என்கிறார்கள். கணினி வழியே வெட்டும் இயந்திரம் வாங்கினால் போதுமா?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: டை செய்யும் செலவு, ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கில் வெட்டுவோருக்கே கட்டுப்படியாகும். உங்களுக்கு, நீங்கள் கேட்கும் கணினிவழி வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டரே ஏற்றது. வண்டி நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டித் தரும் ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பதும் இதைத்தான். ஆனால் அச்சிட்ட படத்தின் ஓரம் பிசகாமல் வெட்ட வேண்டுமானால், தாளின் மூலைகளில் படத்தோடு சேர்த்து அச்சிடப்படும் கறுப்புக் குறிகளைப் படித்து, தாள் சற்றுக் கோணலாக நுழைந்திருந்தாலும் அதற்கேற்பக் கத்தியைத் திருத்திக்கொள்ளும் ஒளியுணரி அந்த இயந்திரத்தில் இருக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் அது இருப்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள். பளபளப்பான லேமினேஷன் அந்தக் குறிகளை மூடினால் ஒளி தெறித்து உணரி தடுமாறும்.

உங்கள் வடிவத்தில் தொல்லை தரப்போவது முள்தான். இவ்வகைக் கத்தி தானாகத் திரும்புவதில்லை. இழுபடும் திசைக்கேற்பச் சுழல்கிறது. ஊசிமுனை போன்ற திருப்பங்களில் தாள் கிழியும். கிழியாமல் தப்பினாலும், வளைந்த பாட்டிலில் அந்த முனையே முதலில் எழும்பும். ஆகவே காம்பு முட்களைப் படத்துக்குள்ளேயே அச்சிட்டு, வெட்டுக்கோட்டை அவற்றுக்கு வெளியே 2 மி.மீ. தள்ளி, மழுங்கிய வளைவாக ஓடவிடுங்கள். பின்னணி வண்ணம் அந்தக் கோட்டையும் சற்றுத் தாண்டியிருக்கட்டும். இல்லையேல் வெள்ளை விளிம்பு தெரியும்.

ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் முழுதாக நிற்கும் ‘ஹாஃப் கட்’ கேளுங்கள். தொக்கில் எண்ணெய் கசியும் என்பதால் காகித ஸ்டிக்கர் வேண்டாம். லேமினேஷன் செய்த வினைல் (பிளாஸ்டிக்) ஸ்டிக்கர் தாங்கும்.

சொந்தமாக இயந்திரம் வாங்குவது இப்போதைக்குத் தேவையில்லை என்பேன். ஐந்துக்கு ஏழு செ.மீ. லேபிள், குறிகளுக்கான இடம் போக, ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். மாதத்துக்கு 23 தாள்தான் ஆகிறது. அதைக் கடையிலேயே வெட்டி வாங்கலாம்.

14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, விலை, சேர்மானங்கள் ஆகியவற்றைக் கத்திரி வடிவுக்குள் திணிக்காமல், பாட்டிலின் பின்புறம் சாதாரணச் செவ்வக லேபிளில் தாருங்கள். இலவம்பாடிக் கத்திரிக்கு ‘வேலூர் முள்ளுக் கத்திரி’ என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டை அச்சிட, அதற்குரிய பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.